மூன்றாம் ஷட்டரில் ஒரு துளை

நோட்புர்கா தாலர் இருபத்து மூன்று வருடங்களில் நாற்பத்தொரு பேரை டாக்டராக்கினாள். பாடம் சொல்லிக் கொடுத்து அல்ல, தொப்பி செய்து கொடுத்து. எங்கள் இன்ஸ்ப்ருக் நகரில் ஒருவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை முடித்து வெளியே வந்தால், கூட வேலை பார்த்தவர்கள் வாசலிலேயே ஓர் அட்டைத் தொப்பியை அவர் தலையில் கவிழ்ப்பார்கள். அத்தனை வருடங்களில் அந்த ஆள் செய்த அசட்டுத்தனங்கள் எல்லாம் அதன்மேல் பொம்மைகளாக நிற்கும். லேசரை அணைக்காமல் பனிச்சறுக்கு விளையாடப் போனவனுக்குக் குட்டிச் சறுக்குக்கட்டை. விலையுயர்ந்த கண்ணாடியை உடைத்தவளுக்கு அதே கண்ணாடியின் சில்லு. தலையில் வாங்கிக்கொண்டவர் சிரித்துத்தான் ஆக வேண்டும். முகம் சுளித்தால் பத்து வருடத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

பொம்மையை ஆட்டும் மோட்டாரும் மினுக்கும் விளக்கும் நோட்புர்காவின் கைவேலை. முழுப்பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் புர்கிதான். ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளப் பட்டறையில் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றுவதும், மின்சுற்றுகளைப் பற்றவைப்பதும், மேலே உடைவதைக் கீழே சரிசெய்வதும் அவள் வேலை. ஒவ்வொரு ரிப்பேரையும் தேதி போட்டு, கதவோரம் ஆணியில் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவாள். சேர்ந்த முதல் வாரத்தில் எழுதச் சொன்னார்கள், அன்றிலிருந்து எழுதினாள். அந்த நோட்டை ஒரு ஈ காக்கை படித்ததில்லை.

முதல் மாடியில் இருந்த யந்திரம் அணுக்களை வரிசையில் நிறுத்துவதற்கானது. காற்றை முழுக்க உறிஞ்சிய கண்ணாடிக் கூட்டுக்குள் ருபிடியம் அணுக்களை விட்டு, லேசர் வெளிச்சத்தால் அவற்றின் ஓட்டத்தை அடக்கி அடக்கி, இதற்குமேல் குளிர முடியாது என்கிற எல்லைக்கு மயிரிழை மேலே கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லேசர்களை விட்டால், வெளிச்சமே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களாகிவிடும். ஒரு குழாய்க்குச் சில டஜன் அணுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முந்த இடமில்லை, ஒதுங்க இடமில்லை. ஒரு உதை கொடுத்தால் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஓடி, திரும்பி வந்து மோதும். திறந்த இடமாக இருந்தால் நாலு மோதலில் பழைய வேகமெல்லாம் கலந்து, எல்லாம் ஒரே சூடாக அடங்கிவிடும். வரிசையில் அது நடக்காது. மோதுகிற இரண்டும் வேகத்தைக் கைமாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் அந்த ஊசலாட்டம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை நேரம் போகும், எதனால் நிற்கும் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் மேல்மாடியில் இருப்பவர்கள் தலைமுடியை இழந்துகொண்டிருந்தார்கள்.

புர்கிக்கு அந்த அணுக்களைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அங்கிருந்து வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசியில், பொடி எழுத்தில், இன்னாருக்கு நன்றி என்று ஒரு வரி வரும். அதில் தன் பெயர் அச்சில் வர வேண்டும். அணுக்களைப் பிடித்து வைக்கும் காந்தத்துக்கு அவள் சுற்றிய சுருள் இல்லாமல் ஓர் அணுகூட அங்கே நின்றதில்லை. ஆனாலும் அந்த வரியில் எப்போதும் "பட்டறைக்கு" என்றுதான் இருக்கும். அவளுடைய தம்பி பள்ளத்தாக்கில் மண் அள்ளும் யந்திரம் ஓட்டுகிறவன். அவன் வண்டியின் இரண்டு பக்கமும் தாலர் என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கூடும்போதெல்லாம் உன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு வெறுப்பேற்றுவான்.

அந்த யந்திரத்தை அப்போது ஓட்டியவன் செவெரின். ஆறாவது வருட ஆராய்ச்சி மாணவன், கெட்டிக்காரன், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மற்றவர்கள் மேல் தேய்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒருநாள் காபி யந்திரத்தருகே, நாலு பேர் இருக்கும்போது, அடுத்த கட்டுரையில் தன் பெயரைப் போடுவாயா என்று புர்கி கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு இருபது வருடம் பிடித்திருந்தது.

"பேரா? இன்னிக்கு உன் பேரு. நாளைக்குத் திருப்புளி வந்து எம் பேரையும் போடுன்னு நிக்கும்" என்றான் செவெரின்.

நாலு பேரும் சிரித்தார்கள். புர்கியும் சிரித்தாள், ஏனென்றால் இங்கே சிரிக்காதவர்களுக்கு மரியாதை கிடையாது. காபியை அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போய், குடிக்காமல் தொட்டியில் கொட்டினாள்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் ஷட்டர் உடைந்தது. லேசர் வெளிச்சத்தைச் சட்டென்று மறைக்கிற குட்டிக் கதவு அது. பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் கைப்பகுதியைக் கழற்றி, நுனியில் ஒரு தகடு ஒட்டி, புர்கியே செய்தது. கண் இமைப்பதைவிட வேகமாக மூட வேண்டும் என்பதற்காக, வெளிச்சம் ஊசிமுனையாகக் குவிகிற இடத்திலேயே அதை வைத்திருப்பார்கள். தகடு விழுந்துவிட்டது. பித்தளையில் புதிதாக வெட்டித் தருவதாகப் புர்கி சொன்னாள். வேறு நாட்டில் ஒரு குழு இதே வேலையில் முந்திக்கொண்டிருக்கிறது என்று செவெரினுக்குப் பதற்றம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டினான்.

"டேப் எரியும் செவெரின். திங்கக்கெழம வரைக்கும் பொறு, வெட்டித் தந்துடறேன்."

"புர்கி, நீ கம்பியச் சுத்து. அணுவ நாங்க பாத்துக்கறோம்."

அன்றிலிருந்து அவளுக்குக் கம்பிக்காரி என்று பெயராயிற்று. அவன் முட்டாளல்ல. டேப்பை ஒட்டியதும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக் காட்டும் குழாயை வைத்து, கசிவு இருக்கிறதா என்று முறையாகப் பார்த்தான். துளிகூட இல்லை. சுவரில் தொங்கிய பட்டியலில் டிக் அடித்தான். அதுதான் இவர்கள் எல்லோரும் விழுகிற குழி. டிக் அடித்த ஒன்றை இவர்களில் யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். யந்திரத்தில் இருநூறு விஷயம் இருக்கிறது, எல்லாவற்றையும் தினமும் பார்த்தால் அளப்பது எப்போது?

மார்ச்சில் ஊசலாட்டம் நின்றது. ஒவ்வொரு முறையும், ஒரு நொடி தாண்டியதும், அணுக்கள் தடுமாறிக் கலந்து அடங்கின. கோட்பாட்டின்படி நிற்கக் கூடாதது நிற்கிறது என்றால் ஒன்று பிழை, அல்லது பெரிய கண்டுபிடிப்பு. செவெரின் மூன்று வாரம் பிழையைத் தேடினான். ஒரு நாள் மலையைத் தாண்டி வரும் தெற்குக் காற்றின் மேல்கூடப் பழியைப் போட்டுப் பார்த்தார்கள், இந்த ஊரில் தலைவலியிலிருந்து விவாகரத்து வரை அதன்மேல் போடுவதுதான் வழக்கம். கடைசியில் பேராசிரியர் ஹார்ட்விக் இது கண்டுபிடிப்புத்தான் என்று முடிவு செய்து ஒரு பாட்டில் திறந்தார்.

ஜூனில், நற்கருணைத் திருவிழாவுக்கு விடுமுறை விட்டு எல்லோரும் மலை ஏறிப் போயிருந்தபோது, மூன்றாம் ஷட்டர் சத்தம் போடுகிறது என்று எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்துப் புர்கி மேலே போனாள். கழற்றினாள். ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றினாள். டேப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது நடுவில் ஒரு பொட்டு மின்னியது. குவிந்த லேசர் நான்கு மாதமாகச் சுட்டுச் சுட்டு, தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபது வருடமாக அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதானே கம்பி சுற்றினாள். அத்தனை குளிரில் நிற்கிற அணுவுக்கு ஒரே ஓர் ஒளித்துகள் பட்டால் போதும், வரிசை கலைந்துவிடும். துளை வழியே வெளிச்சம் கசிகிறது. அணுக்கள் தாமாக அடங்கவில்லை, இந்த டேப் அடக்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமையே அவள் வெட்டி வைத்த பித்தளைத் தகடு கீழே இழுப்பறையில் நான்கு மாதமாகக் கிடந்தது. எடுத்து ஒட்டினால் பத்து நிமிட வேலை, கட்டுரையும் இன்னும் அனுப்பப்படவில்லை.

அவள் டேப்பை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். திருகாணியை முறுக்கினாள். நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, நல்ல செய்தி கேட்டதுபோல. கீழே வந்து, கை பழக்கத்தில் நோட்டை எடுத்து எழுதினாள்: "மூன்றாம் ஷட்டர். ரப்பர் மாற்றினேன். டேப்பில் துளை. இருந்தபடி வைத்தேன். நோ. தாலர்." எழுதாமல் விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செய்ததை எழுதுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

கட்டுரை ஜூலையில் போய், இலையுதிர்காலத்தில் வெளியானது. நன்றி வரியில் ஆறு பேராசிரியர்கள் இருந்தார்கள், இந்த முறை பட்டறையும் இல்லை. புர்கி அதைப் படித்துவிட்டு, செவெரினுக்குச் செய்ய வேண்டிய தொப்பியை மனதுக்குள் வரைந்து முடித்தாள். உச்சியில் ஒரு குட்டி விளக்கு, அதன் முன்னால் அந்த டேப். எல்லோர் முன்னிலும் அவன் முகம் வெளுக்க வேண்டும். அதற்கு அவன் பட்டம் வாங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

அக்டோபரில் அலெங்கா வந்தாள். ஸ்லோவேனியாக்காரி, இருபத்தைந்து வயது, அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அணுக்கள் ஏன் அடங்குகின்றன என்று கண்டுபிடிப்பதற்காகவே வேறு நல்ல இடத்தை விட்டுவிட்டு வந்தவள். எங்கள் திரோல் மலைநாட்டில் எல்லோரையும் நீ என்றே பேசுவோம், வயதும் பதவியும் பார்ப்பதில்லை. இவள் மட்டும் புர்கியை நீங்க என்றாள், எத்தனை சொல்லியும் மாற்றவில்லை. ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி கொண்டுவருவாள். கம்பி எப்படிச் சுற்றுகிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். ஒரு மத்தியானம் புர்கி தன் ஆசையை அவளிடம் சொல்லிவிட்டாள்.

"இவ்ளோதானா? என் மொதக் கட்டுரையில உங்க பேரு வரும். எழுதி வெச்சுக்கோங்க" என்றாள் அலெங்கா.

புர்கிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் தினமும் பத்து மணி நேரம் ஒரு டேப்பின் துளையை அளந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் செவெரின் பட்டம் வாங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் திருத்திவிடுவான், ஒரு வார்த்தை திட்டு வாங்காமல் தப்பிவிடுவான், தொப்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. கொஞ்ச நாள்தானே, சின்னப் பெண், வருடங்கள் நிறைய வைத்திருக்கிறாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரொட்டியில் இன்னொரு துண்டு வெட்டித் தின்றாள். கொஞ்ச நாள் பதின்மூன்று மாதம் ஆனது.

மறு வருடம் நவம்பரில் செவெரினின் வாய்மொழித் தேர்வு. அன்று காலை யந்திரம் ஓய்வில் இருந்தபோது புர்கி மேலே போய், டேப்பைப் பிரித்து எடுத்து, பித்தளைத் தகட்டை ஒட்டினாள். அதையும் நோட்டில் எழுதினாள். பதினொரு மணிக்கு நடைவழியில் ஒயினும் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் வைத்துக்கொண்டு முப்பது பேர் காத்திருந்தார்கள். செவெரின் டாக்டராக வெளியே வந்தான். நாற்பத்தொன்றாவது தொப்பி தலையில் இறங்கியது. ஒவ்வொரு பொம்மையாகக் காட்டிச் சிரித்தார்கள். உச்சிக்கு வந்ததும், இந்தக் கறுப்புத் துண்டு என்ன என்று அலெங்கா கேட்டாள்.

"வெளக்கப் போட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள் புர்கி.

செவெரின் தொப்பியைக் கழற்றி விசையை அழுத்தினான். டேப்பின் நடுவே பொட்டு மின்னியது. அவன் அதைப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன. ஐந்து நொடி இருக்கும், ஒன்றரை வருடமாகப் புர்கி காத்திருந்த ஐந்து நொடி. அப்புறம் அவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கம்பிக்காரி கடைசிவரை அந்த டேப்பை விடவில்லை பாருங்கள் என்று சொல்லி, தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டான். கூட்டமும் சிரித்தது. பக்கத்தில் நின்று கைதட்டிய அலெங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் செவெரின் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"எப்போ பாத்தே?"

"போன வருஷம் ஜூன்ல."

"கட்டுரை போறதுக்கு முன்னாடியே." ஒரு சுருளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "அப்ப நான் பண்ணது கவனக்கொறை. நீ பண்ணது என்னன்னு நீயே ஒரு பேரு வெச்சுக்கோ. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

தொப்பியிலிருந்து பிய்த்து எடுத்திருந்த டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன், கிறிஸ்துமஸுக்கு முன்பே வேறு ஊரில் நல்ல வேலைக்குப் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் புர்கியை அறுத்தது.

மாடியில் அலெங்காவின் அணுக்கள் அடங்க மறுத்தன. தேர்வு நடந்த அன்றிலிருந்து ஊசலாட்டம் போய்க்கொண்டே இருந்தது, புத்தகத்தில் இருக்கிற மாதிரி. அவளுடைய பதின்மூன்று மாத அளவுகளோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தான்தான் எதையோ இடித்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். எட்டு வாரம் ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றி மாட்டினாள். செவெரின் கையில் ஓடிய யந்திரம் உன் கையில் ஓடவில்லை, யந்திரம் மாறவில்லை, கைதான் மாறியிருக்கிறது என்று ஹார்ட்விக் எல்லோர் முன்னிலும் சொன்னார். அவள் உதவித்தொகையை நீட்டிக்க மார்ச்சில் அறிக்கை அனுப்ப வேண்டும், அனுப்ப அவளிடம் எதுவுமில்லை. கீழே வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புர்கி முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி சுற்றுவாள். அப்போது அவளைத் தடுத்தது பழி இல்லை, பச்சைப் பயம். வேலை போகும், ஓய்வூதியம் போகும், இந்தப் பெண் பார்க்கிற பார்வை போகும்.

"நீங்க ஒருத்தர்தான் என்னயக் கேள்வி கேக்காம ஒக்கார விடறீங்க" என்றாள் அலெங்கா ஒருநாள். புர்கிக்கு அந்தக் கம்பியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

பிப்ரவரி முடிகிற நேரத்தில் அலெங்கா வேறு வழியில் யோசித்தாள். எது கெட்டது என்று தேடுவதை விட்டுவிட்டு, அன்று எது மாறியது என்று தேடினாள். மின்சாரக் கட்டணம், குளிர்நீர்க் குழாய், துப்புரவாளர் வந்துபோன நேரம் எல்லாம் பார்த்து முடித்து, ஒரு காலை பட்டறைக்கு வந்தவள் கதவோரம் ஆணியில் தொங்கிய நோட்டைக் கையில் எடுத்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அதை எடுத்த முதல் ஆள். புர்கி இருநூற்று எண்பதாவது சுற்றில் இருந்தாள். பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. எண்ணிக்கை தவறியது, கை நின்றது. தாள்கள் முதலில் நவம்பர் வரை போயின. பிறகு இன்னும் பின்னோக்கிப் போயின, ஒவ்வொரு மாதமாக, வெகுநேரம்.

அலெங்கா நோட்டைத் திறந்தபடி மேஜைமேல் வைத்தாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

அந்த 'உன்' புர்கியின் காதில் உறைத்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே தெரியும் உனக்கு. நான் கொண்டுவந்த ரொட்டிய இங்க ஒக்காந்து தின்னுருக்கே."

செவெரின் மேல் இருந்த கோபத்தைச் சொன்னாள் புர்கி. காபி யந்திரத்தருகே நடந்ததை, கம்பிக்காரி என்ற பெயரை, தொப்பியை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அலெங்கா கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பட்டறையிலிருந்து தனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று செவெரின் இரண்டே வரியில் எழுதி அனுப்பினான். ஹார்ட்விக் கத்தவில்லை, கம்பிக்காரியிடம் கத்தி என்ன பயன் என்று விட்டுவிட்டார்போலும். புர்கியின் வேலை போகவில்லை, அவளைப்போலச் சுருள் சுற்ற ஆள் இல்லை. காபி யந்திரத்தருகே அவள் வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அலெங்காவின் உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. பழைய கட்டுரைக்குத் திருத்தம் எழுதி வெளியிடுவது அவளுடைய கடைசி வேலை ஆயிற்று. பட்டம் இல்லாமல் போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் தொப்பி கிடையாது.

ஜூனில், ஊருக்குக் கிளம்பும் நாளன்று, ஒரு தாளோடு அவள் கீழே இறங்கி வந்தாள்.

"ஒரு பட்டறை ஊழியர்னு போட்டாப் போதும்னு ஹார்ட்விக் சொன்னாரு. நான் ஒத்துக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மொதக் கட்டுரையில உன் பேரு வரும்னு சொல்லியிருந்தேன். இதுதான் என்னோட மொதக் கட்டுரை."

தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். வெளியே பேருந்து வந்து, நின்று, கிளம்பிய சத்தம் கேட்டது. புர்கி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். டேப் ஒட்டிய நான்கு மாதங்களுக்குப் பின், மூன்றாம் ஷட்டரின் டேப்பில் துளை இருந்ததை நோட்புர்கா தாலர் கண்டார். அதை இருந்தபடி வைத்தார் என்று அச்சடித்திருந்தது. பொடி எழுத்து இல்லை, கட்டுரையின் நடுவிலேயே இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.